தேதி போட்ட டி-ஷர்ட்

"சிஸ்டர் வெர்லீன், நீங்க செத்துப் போயிட்டீங்கல்ல?"

வாசலில் நின்ற எர்னஸ்டின் கையில் ஒரு தட்டு நிறைய வறுத்த கோழி. தலையில் கறுப்புத் தொப்பி. சர்ச் பாட்டுக் குழுவில் வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள். இப்போது அந்த வெர்லீனே வந்து கதவைத் திறந்ததும், கோழியைக் கொடுப்பதா திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் முழித்தாள்.

"இன்னும் இல்ல எர்னஸ்டின். உள்ள வா," என்றாள் வெர்லீன்.

"அப்போ அந்த டி-ஷர்ட்டு? முடிவெட்டுற கடை வாசல்ல பசங்க போட்டுக்கிட்டு நிக்கிறானுங்களே. உங்க போட்டோ, ரெண்டு பக்கமும் றெக்கை, கீழ பொறந்த தேதி, செத்த தேதி. அங்கேயே நின்னு அழுதுட்டு, வீட்டுக்கு ஓடிப்போய்க் கோழியை வறுத்து எடுத்துட்டு வரேன்."

அட்லாண்டாவின் அந்தப் பக்கத்தில் ஒருவருடைய முகம் டி-ஷர்ட்டில் ஏறி, கீழே இரண்டு தேதியும் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் சாட்சி கேட்பதில்லை. சாப்பாட்டைச் செய்து எடுத்துக்கொண்டு துக்கத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். காலையிலிருந்து அப்படி வந்தபடியே இருந்தார்கள். சமையலறை மேஜையில் மக்ரோனியும் கேக்கும் போக, கோழிக்கு இடமே இல்லை.

அந்த மேஜை முன்னால் மகன் லவெல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் இவன் நடிச்ச படத்தால வந்த வினை," என்று வெர்லீன் வந்தவர்களிடமெல்லாம் சொன்னதையே எர்னஸ்டினிடமும் சொன்னாள். "சர்ச்சுல பாடுற சாதுப் பையனைப் புடிச்சு ஒரு கம்பெனிக்காரன் ராப் பாடகனாக்குறான். பையன்கிட்ட சோகக் கதை எதுவும் இல்லையேன்னு, அம்மா செத்துட்டதா கட்டிவிடுறான். பையன் பேரையும் கிங் சோகம்னு மாத்திடுறான். எப்படியெல்லாம் புகழைத் தயார் பண்றாங்கன்னு கிண்டல் பண்ற படம்."

"அப்போ செத்தது நீங்க இல்ல. படத்துல வர்ற அம்மா."

"படத்துலயும் சாகலை. செத்ததா சொல்றாங்க."

எர்னஸ்டினுக்கு இருந்த தெளிவும் போயிற்று. "செத்ததா சொன்னது உங்களையா, அந்த அம்மாவையா?"

"நீயே போய்ப் பாத்துக்கோ. சாயங்காலக் காட்சிக்கு டிக்கெட் இருக்கு. கோழியை வெச்சுட்டுப் போ."

தபால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு லவெல் நடித்த முதல் படம் அது. ஊரில் ஒரே ஒரு தியேட்டர்தான் போட ஒத்துக்கொண்டது. அங்கேயும் படம் பார்க்க வந்தவர்களைவிடப் பாப்கார்ன் விற்கிறவர்கள்தான் அதிகம். இன்றைக்குள் கூட்டம் வராவிட்டால் நாளைக்குப் படத்தைத் தூக்கிவிடுவேன் என்று மேனேஜர் முந்தாநாளே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்த லவெல், பழைய தபால்காரச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தான். பார்த்துக்கொண்டிருந்த வெர்லீனுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

எர்னஸ்டின் போனதும் லவெல் புலம்பினான்.

"எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா. படத்துல அப்படி ஒரு டி-ஷர்ட்டே கிடையாது. டைரக்டரைக் கேட்டா, சத்தியமா நாங்க அடிக்கலைங்கிறார். விளம்பரம் பண்றவங்களுக்கும் தெரியாதாம். உன் போட்டோ எவன் கையில எப்படிச் சிக்குச்சு?"

"என்னைக் கேட்டா? நான்தான் செத்துட்டேனே. கோழி சாப்பிடு."

"விளையாடாதம்மா. போலீஸ்ல புகார் குடுக்கலாம்."

"என்னன்னு? எங்கம்மா உயிரோட இருக்காங்கன்னா?"

அவன் செல்போன் அடித்தது. தியேட்டர் மேனேஜர்.

"தம்பி, என்னப்பா மாயம் பண்ணினே? வாசல்ல வரிசை நிக்குது. பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பாதிப் பேர் கர்ச்சீப்பும் கையுமா உக்காந்திருக்காங்க. எதுக்கு அழறீங்கன்னு கேட்டா அவங்களுக்கே தெரியலை. நாளைக்குத் தூக்கலை, இன்னும் ஒரு வாரம் ஓட்டறேன். ஆனா இந்தக் கூட்டம் ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. அதுக்கப்புறம் நீதான் ஏதாவது வழி பண்ணணும்."

லவெலுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. மேனேஜர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தான்.

"சந்தோஷமாத்தாம்மா இருக்கு. அசிங்கமாவும் இருக்கு. பொய் சொல்லிப் பேர் வாங்குறவங்களைக் கிண்டல் பண்ணிப் படம் எடுத்தோம். எவனோ அதே பொய்யை வெச்சு என் படத்தை ஓட வெச்சிருக்கான். அவன் மட்டும் கையில கிடைச்சா அடிக்கறதா, விருந்து வெக்கறதான்னே தெரியலை."

"விருந்துதான்," என்று சொல்லிவிட்டு வெர்லீன் ஒரு பெரிய கோழித் துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

சுவரில் மாட்டியிருந்த வீட்டு போன் மணியடித்தது. வெர்லீன் எண்ணெய்க் கையோடு எழுந்திருப்பதற்குள் லவெல் போய் எடுத்துவிட்டான்.

"மிஸஸ் வெர்லீன் டிப்ஸ் வீடுங்களா? டி-ஷர்ட் அடிக்கிற கடையிலேர்ந்து பேசறோம். அவங்க போட்டோ போட்டதெல்லாம் அவங்களே நேத்து வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில கடை திறந்ததுமே வந்து, மகன் போட்டோவைக் குடுத்து இன்னொரு கட்டு கேட்டாங்க. அவர் செத்த தேதியைச் சொல்லாமப் போயிட்டாங்களே, என்னன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"