அழுத்துடா, தம்பி

“கையெழுத்துப் போட உனக்கு அப்படி என்னடி அவசரம்?”

தீவிர சிகிச்சை அறை வாசலிலேயே அக்கா, தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டாள்.

“பதினோரு நாள் ஆச்சு அண்ணி. கூப்பிட்டா இமைகூட அசையலை. மூச்சு மெஷினைச் சாயங்காலம் எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாரு. நான் என்ன பண்ணட்டும்?” காகிதம் அவள் கையில் கசங்கிப்போயிருந்தது.

“கண்ணுக்குத் தெரியலைன்னா அசைவே இல்லைன்னு ஆயிடுமா?”

அக்கா பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் படலம், இரண்டு மெல்லிய கம்பிகளுடன். இதற்காக எட்டு நாள் ஆய்வுக்கூடமே கதியென்று கிடந்திருந்தாள். நுண்துளைத் தட்டில் பாலிமர் கரைசலை ஊற்றி, துளைக்குள் இறங்கியது காய்ந்ததும் தட்டை அமிலத்தில் கரைத்துவிட வேண்டும். மிஞ்சுபவை முடியைவிட மெல்லிய நானோ இழைகள்; அவை சேர்ந்ததுதான் அந்தப் படலம். துளி அழுத்தம் பட்டாலும் அவற்றில் மின்சாரம் பிறக்கும்.

“ஈ உட்கார்ந்தாக்கூட இது காட்டிக் குடுத்துடும்,” என்றாள்.

உள்ளே போய்ச் சோதித்துப் பார்க்க டாக்டர் தடுக்கவில்லை. கட்டிலருகே கம்பிகளைத் தன் லேப்டாப்பில் இணைத்தாள். படலத்தை ஒட்டினால் இழைகள் வீணாகிவிடும். அதனால் தம்பியின் விரல்மேல் வைத்துத் தன் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டாள். லேப்டாப்பில் பச்சைக் கோடு சாதுவாக ஓடியது.

“தம்பி, அழுத்துடா.”

கோடு துள்ளியது.

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “இன்னொரு தடவை அண்ணி!”

“அழுத்துடா கண்ணா.”

மறுபடியும் துள்ளல். பத்து முறை கூப்பிட்டாள், பத்து முறையும் துள்ளியது. சும்மா இருந்தபோது துள்ளவே இல்லை.

“சோம்பேறி! சின்ன வயசுல ஒரு குரலுக்கு எழுந்திருப்பானா இவன்? இப்பப் பாரு, சொன்ன பேச்சைக் கேக்கறான்!” அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

தம்பி மனைவி காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, கணவனின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது நெஜமா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசைம்மா. ஒரே ஒரு தடவை, அவர் கையை விட்டுட்டு இந்த மேசை விளிம்புல வெச்சுக் கூப்பிடுங்க.”

“மேசையிலயா? விளையாடறீங்களா டாக்டர்?”

“இதே மாதிரி பிடிச்சுக்கங்க. இதே மாதிரி அவரைப் பார்த்துக் கூப்பிடுங்க. போதும்.”

எரிச்சலோடு படலத்தை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பிடித்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

“தம்பி, அழுத்துடா.”

கோடு அதே உயரத்துக்குத் துள்ளியது. அக்கா மெல்லக் குனிந்து தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.