பின்னங்கால்

எண்பத்தெட்டில், தாம்பரம் கல்யாண மண்டபம் ஒன்றில் நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கான முகாம். இரண்டு பேர் ஒரே மாட்டுக்கூட்டுக்குள் புகுந்து ஆடும் காளையாட்டத்தில் பாதி ஆள் பூவராகன். அவர் நீட்டிய போட்டோவை அதிகாரி ஏகநாதன் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

“என்னய்யா இது, வெறும் மாடுதானே இருக்கு? நீ எங்கே?”

“உள்ளார கீறேன் சார். பின்னங்கால் ரெண்டும் நான்தான்.”

“மூஞ்சியே தெரியலையே! யார் வேணா காலைக் காட்டிப் பணம் கேட்கலாம்.”

பூவராகன் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, நடு மண்டபத்தில் ஒரு சுற்று ஆடிக் காட்டினார். வரிசையில் நின்ற நாயனக்காரர் கைதட்டினார். அதிகாரியின் முகம் அசையவில்லை. மேசைக்கடியில் அவர் கால் மட்டும் தாளம் போட்டது.

“ஆடினா போதுமா? முன்னங்காலா ஆடினவர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஆள் உயிரோட இருக்காரா?”

“ஷோக்கா கீறாரு சார். கவர்மென்ட் வேல கெடச்சிப் பூட்டாரு.”

“அப்ப அவர்கிட்ட போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா.”

“அதுக்குத்தான் வந்துகீறேன்.”

பூவராகன் மனுவை அவர் பக்கம் தள்ளினார்.

“செம்பாக்கம் திருவிழாவுல ஏழு வருசம் உன் முதுகையே பாத்துகினு ஆடினேன், ஏகா. நீதான் ஒருவாட்டிகூடத் திரும்பிப் பாக்கல.”