ரயில் வராத ஊர்

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரியவரின் மேஜை முழுக்க ஒரு குட்டி ஊர். முட்டை அட்டையில் மலை, பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சில் மரம், காயவைத்த டீத்தூளில் மண், ஐஸ் குச்சியில் லெவல் கிராசிங் கேட். கேட் தூக்கியே இருந்தது. நடுவே வட்டமாகத் தண்டவாளம்.

"எல்லாம் தூக்கிப் போடுற சாமான்லயே பண்ணிட்டீங்களே! ரயில் எங்க சார்?"

"ரயில் கிடையாது."

"இனிமேதான் வாங்கணுமா?"

"வேண்டாம் சார். அது வராம இருக்கிறவரைக்கும் ஊர் நல்லா இருக்கும்."

பாவம், கையில் காசில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார் பக்கத்து வீட்டுக்காரர். மறுநாள் மதியமே, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்றோடு வந்து நின்றார். பெரியவர் அப்போதுதான் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடுங்க. நான் ஓட்டிக் காட்டுறேன்."

தண்டவாளத்தில் வைத்ததும் ரயில் கடகடவென்று கிளம்பியது.

பெரியவர் முதல் வாயைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். சோறு ஒட்டிய கையோடு ஓடிவந்து குச்சிக் கேட்டை இறக்கினார். பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"என்ன சார் ஆச்சு?"

பெரியவரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷம் கேட் கீப்பரா இருந்தவருங்க. சாப்பாட்டுல கை வச்சா ரயில் வந்துடும். ரிட்டயர் ஆகி இப்பதான் சூடா சாப்பிடுறாரு."

ரயில் ஒரு சுற்று முடித்துத் திரும்பவும் வந்தது. பெரியவர் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இது நிக்க இன்னும் எவ்வளவு நேரமாகும் சார்? சோறு ஆறுது."