சின்னக் கொக்கி

"சின்னதே போதும்" என்று ரோலண்ட் மூன்றாவது முறையாகச் சொன்னான்.

டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் புருஷனின் கை இறுக்கம் புதிதில்லை. ஆனால் இனிமேல் குடியிருக்கப் போகிற டிரெய்லர் வீட்டை இழுக்கிற கொக்கியிலுமா மனுஷன் கணக்குப் பார்ப்பான்?

கடை மேஜை மேல் இரண்டு கொக்கிப் பெட்டிகள். இரண்டுமே மலிவு ரகம்தான். சின்னது அறுநூறு பவுண்டு முன்பாரம், அதாவது டிரெய்லரின் முன்பக்கம் அழுத்துகிற பாரம், தாங்கும்; முந்நூற்று நாற்பது டாலர். பெரியது எண்ணூறு தாங்கும், நானூற்று எழுபது.

டிரெய்லரின் மூக்கு அதை இழுக்கிற பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைப் போட்டு அழுத்தாமல், பாரத்தை எல்லாச் சக்கரங்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் இந்தக் கொக்கியின் வேலை. அது சரியில்லை என்றால் கான்சாஸ் காற்றில் டிரெய்லர் பேயாட்டம் ஆடும்.

மூன்று மாதமாக டார்லீன் இதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். படிக்காமல் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை வீட்டை வாங்கியவர்களிடம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலையையும் நேற்றோடு விட்டாயிற்று.

வீட்டை விற்றுவிடலாம், டிரெய்லரில் ஊர் ஊராகப் போய் வாழலாம் என்று ஆரம்பித்தவன் ரோலண்ட்தான். மாட்டவே மாட்டேன் என்றாள் அவள். அப்புறம் மெல்ல மெல்ல அவனைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகமாகிவிட்டது.

"நூத்தி முப்பது டாலர்ல குடி முழுகிடாது. நான் தர்றேன், பெரிசை எடு."

ரோலண்ட் சுவரில் தொங்கிய சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரர் கஸ் சிரித்தார். "புருஷன் பொண்டாட்டி வழக்கை நான் தீர்க்க முடியாதும்மா. தராசுதான் தீர்க்கும். எடை போட்ட சீட்டு இருக்கா?"

இருக்காது என்றுதான் டார்லீன் நினைத்தாள். டிரெய்லர் ஊருக்கு வெளியே வாடகைக் கொட்டகையில் நிற்கிறது. சாமான் ஏற்றுவதே நாளைக்குத்தான் என்று பேச்சு.

ரோலண்ட் பர்ஸிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். பரவாயில்லையே, சொல்லாமலே போய் எடை போட்டிருக்கிறானே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கஸ் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. முன்பாரம் ஐந்நூற்று அறுபது.

நேற்று அதே இரண்டு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசார கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். உன் புருஷன் வரவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். பல்வலி என்று சொல்லி வைத்தாள். அவளிடம் அவன் சொன்னது அதுதான்.

கஸ் விடவில்லை. "காலி டிரெய்லரையா எடை போட்டீங்க? பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க சார். வெறும் வண்டியைத் தராசுல நிறுத்திட்டு வந்து மலிவா ஒண்ணு வாங்கிடுவாங்க. அப்புறம் சட்டி பானையெல்லாம் அடைச்சுக்கிட்டுப் போய் குடை சாஞ்சுட்டு, என்னைத் திட்டுவாங்க."

ரோலண்டின் முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடம் கோதுமை லாரி ஓட்டியவன் அவன்.

"நேத்து வண்டி கத்துக்கிட்டவனா நான்? தண்ணி ரொப்பி, ரெண்டு சிலிண்டரும் மாட்டி, தூண்டில், துணிமணி, டின் சாப்பாடு வரைக்கும் ஏத்திட்டுத்தான் எடை போட்டேன். ஒரு சாமான் பாக்கி இல்ல. சாவியைப் போட்டா கிளம்ப வேண்டியதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பெண்டாட்டியிடம் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடுவான். பாரம் ஏற்றத் தெரியாதவன் என்று இன்னொருத்தன் நினைப்பதை மட்டும் அவனால் பொறுக்க முடியாது.

டார்லீன் கஸ் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய சாமான் ஒன்றுகூட வீட்டை விட்டு இன்னும் நகரவில்லை. காலையில் வரும்போதுகூட எல்லாம் கூடத்தில்தான் இருந்தன. அவளேதான் ஒவ்வொன்றாகத் துடைத்து, அட்டைப்பெட்டிகளில் போட்டு, பேர் எழுதி அடுக்கியிருந்தாள்.

ஒருவேளை மறந்திருப்பானோ? கேட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஆனால் அவனிடம் நேராகக் கேட்கவில்லை. கஸ் பக்கம் திரும்பினாள்.

"என் தையல் மெஷின், இரும்பு வாணலி, என் துணிப்பெட்டி எல்லாம் டிரெய்லர் முன்பக்கம் வைக்கிறதா இருக்கு. நூத்தி எழுபது பவுண்டு வரும். அதையும் சேர்த்துப் பாருங்க."

"அப்ப எழுநூத்தி முப்பது ஆயிடும், சின்னது தாங்கவே தாங்காது. கண்ணை மூடிக்கிட்டுப் பெரிசை எடுங்க."

அவ்வளவுதான். கஸ் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். டார்லீன் ரோலண்டைப் பார்த்தாள்.

அவன் பெரிய பெட்டியைத் தொட்டால் போதும். பல்வலியை மறந்துவிடுவாள். அந்தச் சீட்டைப் பற்றி ஆயுசுக்கும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அந்த அளவுக்கு அவள் அந்த நிமிஷம் இறங்கிப் போயிருந்தாள். பிற்பாடு அதை நினைத்து அவளுக்கே அவள் மேல் கோபம் வரலாம்.

ரோலண்ட் இரண்டு பெட்டிகளையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு மேஜை மேல் கார்டை வைத்துவிட்டு, சின்னப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

கஸ் குழம்பிப் போனார். "சார், அம்மா சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றான் ரோலண்ட்.