நார்வே ஷீட்

"ஃபெர்ரியில ஏறினதும் கார்லயே உட்கார்ந்துடாதீங்க நடேசன். ஹேண்ட்பிரேக் போட்டுட்டு மேல போய் வலது பக்கம் நில்லுங்க. ஏழு அருவியும் அந்தப் பக்கம்தான்" என்றான் குமரவேல். நாள் முழுக்க மீட்டிங்கில் பேசியதில் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ரிச்சர்ட்சன் ஊரிலிருந்து போனில் பேசிய நடேசன் அடுத்த வாரம் குடும்பத்தோடு நார்வே போகிறார். சான்டா கிளாராவில் குமரவேல் போட்ட எக்செல் ஷீட்தான் அவருக்கு வழிகாட்டி. அதை வைத்து ஏற்கெனவே ஐந்து குடும்பங்கள் போய் வந்துவிட்டன.

"ஃபெர்ரியை மிஸ் பண்ணிட்டா?"

"டென்ஷனே ஆகாதீங்க. அடுத்தது ஒன்றரை மணி நேரத்துல வரும். புளிசாதத்தை எடுத்துச் சாப்பிடுங்க. தட்டுல போடாதீங்க, காத்து அள்ளிட்டுப் போயிடும். டப்பாவுலயே சாப்பிடுங்க."

"எவ்ளோ டீடெயிலா சொல்றீங்க! நீங்க போனப்ப மழை இருந்துச்சா?"

"இல்ல, நல்ல வெயில்."

அவன் போனை வைத்ததும், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி வான்மதி நிமிர்ந்தாள்.

"நாம எப்பங்க போனோம்? கிரீன் கார்டு இல்லாம வெளிய போனா, திரும்பி வர விசா கிடைக்குமோ என்னமோன்னு பதினோரு வருஷமா இந்த நாட்டைத் தாண்டல. நல்ல வெயிலாம்!"

குமரவேல் ஷீட்டைத் திறந்து, முதல் வரியில் தங்கள் பயணத்துக்கென்று போட்டிருந்த வருடத்தை அழித்துவிட்டு அடுத்த வருடத்தைப் போட்டான்.

"போகாத ட்ரிப்புல மழை எதுக்கு வான்மதி?"