நிமிர்ந்து ஓட்ட ஒரு ஹேண்டில்பார்

“இந்த ஹேண்டில்பாரை வச்சுக்கிட்டு இவரு திங்கக்கிழமை பாலம் தாண்ட மாட்டாரு. வேற மாத்திக் குடு தம்பி” என்றாள் ஹன்னகெ. கடைக்குள் நுழைந்ததுமே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவர் ரூலொஃப் தன் பழைய ரேஸ் சைக்கிளோடு வாசலிலேயே நின்றார். முதுகு வளைந்திருந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

“பாலம் தாண்டி எங்கம்மா போறீங்க?” என்று கேட்டான் கடைக்கார யோஸ்ட்.

“மாலை இல்லத்துக்கு.”

யோஸ்ட் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஐசல் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அந்த இல்லத்தைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. டாக்டர்கள் கைவிட்டவர்கள் கடைசி நாட்களைக் கழிக்க அங்கே போவார்கள். போனவர் யாரும் வீடு திரும்பியதில்லை.

அதற்கும் சைக்கிளிலா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இங்கே கல்யாணத்துக்கும் சைக்கிள்தான், பிரசவ வலி எடுத்தாலும் சைக்கிள்தான். மகன் கார் கொண்டு வருகிறேன் என்று சொன்னதற்கு ஹன்னகெ போனிலேயே சண்டை பிடித்திருந்தாள்.

யோஸ்ட் மூன்று ஹேண்டில்பார்களை மேஜை மேல் வைத்தான். மூன்றுமே பின்னோக்கி வளைந்து, கைப்பிடி ஓட்டுகிறவரைத் தேடி வரும் ரகம். குனிய வேண்டாம், மணிக்கட்டு வலிக்காது, முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும்.

“கெழவிங்க வண்டி மாதிரி இருக்கு” என்று முணுமுணுத்தார் ரூலொஃப்.

“கெழவியைக் கட்டிக்கிட்டவருக்கு என்ன வண்டி குடுப்பாங்களாம்? நாப்பது வருஷமா கூன் போட்டு ஓட்டினது போதும். நிமிர்ந்து உக்காரு, ரூலொஃப்.”

அவர் சிரிக்கவில்லை.

முதலில் குறுகலான ஒன்றை மாட்டினான் யோஸ்ட். பழைய பிரேக் கம்பி எட்டவில்லை, நீளமான கம்பி போட வேண்டியிருந்தது. ரூலொஃப் பின்கட்டு முற்றத்தில் ஒரு சுற்று வந்தார். ஹன்னகெ நாற்காலியில் இருந்தபடியே கதவு வழியாகப் பார்த்தாள்.

“வலது கையைக் கோட்டுப் பைக்குள்ள வை. இடது கையால மட்டும் ஓட்டு” என்று கத்தினாள்.

சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது. ரூலொஃப் காலை ஊன்றிவிட்டார்.

“இது வேணாம் தம்பி. அந்த அகலமானதை மாட்டு.”

பாவம், வலது கை விளங்காமல் போய்க்கொண்டிருக்கிறது போல என்று யோஸ்ட் நினைத்துக்கொண்டான். அவன் அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாக இழந்து போய்ச் சேர்ந்தார். கேட்கத் தைரியம் வராமல் அவன் திருகாணியைக் கழற்றினான்.

நடுவில் காபி கொடுத்தான். எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்கு ஒரு பிஸ்கட்தான், எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவோம். யோஸ்ட் அன்று டப்பாவை மூடவில்லை. திறந்தபடியே பெரியவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

ரூலொஃப் அதை மனைவி பக்கம் தள்ளினார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

அகலமான ஹேண்டில்பார் மாட்டியாயிற்று. கைப்பிடி இடுப்புக்குச் சற்று மேலே, கைகள் தானாகப் போய் விழும் இடத்தில் நின்றது. ரூலொஃப் ஏறி உட்கார்ந்ததும் முதுகு நேரானது. ஆளே பத்து வயது குறைந்தவர் போலத் தெரிந்தார்.

“ஒத்தைக் கையால!” என்றாள் ஹன்னகெ.

ஒற்றைக் கையால் ஒரு சுற்று வந்தார். சக்கரம் ஆடவில்லை. இரண்டாவது சுற்றில் பாதியிலேயே நின்று, ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

“என்னால முடியாது ஹன்னகெ. சத்தியமா என்னால முடியாது.”

“முடியும். எதிர்காத்து இருந்தாலும் முடியும். இன்னொரு சுத்து வா.”

இவளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று யோஸ்ட்டுக்குக் கோபம் வந்தது. சாகக் கிடக்கும் மனிதரை இப்படியா விரட்டுவது? ரூலொஃப் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடியும் பெடலை மிதித்ததைப் பார்க்க முடியாமல், ஹன்னகெயின் அருகில் போய்க் குனிந்தான்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஒரு பயணத்துக்காகவா அவரை இந்தப் பாடு படுத்துறீங்க? திங்கக்கிழமை நான் கடையை மூடிட்டு வேன் எடுத்துட்டு வர்றேன். ஐயாவை நோகாம கொண்டுபோய் விட்டுடலாம்.”

ஹன்னகெ அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து இரண்டு முறை தட்டினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

“நல்ல புள்ளடா நீ. வேனெல்லாம் வேணாம். அவ்வளவு தூரம் ஓட்டுறதுக்கு எனக்கு இன்னும் தெம்பு இருக்கு.”

யோஸ்ட் புரியாமல் விழித்தான். முற்றத்தில் ரூலொஃப் நிமிர்ந்து உட்கார்ந்து, அழுதுகொண்டே சுற்றி வந்துகொண்டிருந்தார். அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஹன்னகெ மெல்லச் சொன்னாள்.

“திரும்பி வர்றப்ப, என் வண்டியையும் அவருதானே வலது கையால பிடிச்சுக்கிட்டு வரணும்.”