ஓரத்துக் களை

"பாருங்க அண்ணாச்சி, வேணும்னே வளத்து வச்சிருக்கான்."

சங்கரேஸ்வரி கை காட்டிய இடத்தில், வரப்புக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் களை மண்டிக் கிடந்தது. அது அவள் கொழுந்தன் பேச்சிராஜின் வயல். பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏச்சு மட்டும் தாராளமாக உண்டு.

கிதிர் முகம்மது நின்று பார்த்தார். துபாயிலிருந்து திரும்பி வந்து விவசாயம் பார்ப்பவர். சுந்தரபாண்டியபுரத்து இயற்கை விவசாயக் குழுவில் ஒருவர் வயலை இன்னொருவர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். இன்று சங்கரேஸ்வரி வயலுக்கு அவர் முறை.

"நான் களைக்கொல்லி தொட முடியாது. கையாலதான் பிடுங்குதேன். இவன் களை விதையெல்லாம் என் வெங்காயத்துல வந்து முளைக்கி. எல்லாம் வயித்தெரிச்சல்."

அவருக்கு வேறு கவலை. போன வருஷம் இவளுக்குச் சான்றிதழ் கிடைக்காததே பேச்சிராஜ் அடித்த மருந்தால்தான். குற்றாலத்தில் சீசன் என்றால் இங்கே பேய்க்காற்று. மருந்து அப்படியே இந்தப் பக்கம் வந்து விழுந்தது. மருந்து படாமலிருக்க ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் பயிர் வை என்று குழுவில் அவளிடம் சொன்னார்கள். இருப்பதே ஒல்லி வயல், அதில் எங்கே விடுவது? இந்த முறையும் கிடைக்காவிட்டால் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தென்காசியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போவதாக இருந்தாள்.

"இந்த வருஷம் மருந்து அடிச்சானா?"

"அந்தக் கோடியில அடிச்சான். இங்கன எங்க? களை பிடுங்கவே உடம்பு வணங்கல."

"இருங்க, நான் கேட்டுட்டு வாரேன்."

பேச்சிராஜ் மோட்டார் ரூம் பக்கத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏலே, வயல் பூரா சுத்தமா வச்சிருக்க. மதினி ஓரம் மட்டும் ஏன்லே காடா கெடக்கு?"

"ஆள் கெடைக்கல அண்ணாச்சி."

"மத்த எடத்துக்கு மட்டும் கெடைச்சுதோ?"

பேச்சிராஜ் வரப்புப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அவள் தூரத்தில்தான் நின்றாள். இருந்தும் குரலைத் தாழ்த்தினான்.

"அங்கன பயிர் வச்சா மருந்து அடிக்கணும். அடிச்சா காத்துல அவுகளுக்குப் போயிரும். அதான் சும்மா போட்டுட்டேன்."

கிதிர் முகம்மதுக்கு மனசு நிறைந்துவிட்டது. இனி அவர் தயங்காமல் கையெழுத்துப் போடலாம்.

"நல்ல காரியம்லே. களையையாவது அறுத்து விடலாம்லா?"

"சுத்தமா கெடந்தா, ஏன் பயிர் வைக்கலன்னு யோசிச்சுருவாகளே."

"யோசிக்கட்டுமே. நானே போய்ச் சொல்லுதேன்."

"சொல்லிராதீய அண்ணாச்சி. என் தயவுல வந்ததுன்னு தெரிஞ்சா, ரோஷத்துல சர்டிபிகேட்டைக் கிழிச்சே போட்டுருவாக. என்னைய ஏசிட்டே வெங்காயத்தை விக்கட்டும்."